ஓமானில் சொன்ன 'போட்டு வாறன்'

நான் பயந்தவன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் வருவதற்கு ஏதாவது நடக்கவேண்டும். எனக்கு அது தேவையில்லை. ஒன்றும் நடக்காமலே பதறக்கூடியவன் நான்.

கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தேன். ஒருநாள் லிஃப்ற் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என்னோடு எங்கள் ஆட்களில் ஒரு அன்ரி, இரண்டு கையிலும் கடைப் பைகள். நிலைமையை உடனே நான் கையில் எடுத்தேன்.

"அன்ரி, பைக்குள்ள சாப்பாட்டுச் சாமான் என்ன கிடக்கு?"

"பாலும் கத்தரிக்காயும். ஏன் தம்பி?"

"கத்தரிக்காயைப் பிறகு பார்ப்பம். முதல்ல பாலைப் பங்கு போடுவம். கனநாள் இருக்கவேண்டி வந்தாலும் வரும்."

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் அந்தச் சிவப்புப் பொத்தானில சாய்ஞ்சுகொண்டு நிக்கிறீர். கொஞ்சம் விலகும்."

விலகினேன். லிஃப்ற் நகர்ந்தது. அதே அன்ரிதான் பிறகு எனக்குக் கலியாணம் பேசியவர். இந்தக் கதையையும் ஒளிக்காமல் சொல்லித்தான் பேசினார். பெண் மட்டக்களப்பு. "மறுகா என்ன, பாலக் குடிச்சாரா?" என்று மட்டும் கேட்டாளாம். மறுகா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் பிறகு. அதைத் தவிர என்னைப் பற்றி வேறு விசாரணை எதுவும் அவள் தரப்பில் நடக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை குடும்பம் ஓடுகிறது.

இப்படிப்பட்ட என்னைப் பாலைவனத்துக்கு அனுப்பியது எங்கள் மகள். கலியாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்ததற்கு அவள் தந்த பரிசு. "அம்மாவிட்ட கேட்டன், எங்க போக விருப்பமெண்டு. டெசேர்ட்டாம். சோ, ஓமானுக்கு ரிக்கற் புக் பண்ணிட்டன். அப்பா, ப்ளீஸ், டோன்ற் பி டிராமாற்றிக்" என்றாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். "உமக்கு மணல் பார்க்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே?"

"இந்த வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு வந்த நாளில இருந்து பக்கத்துச் சுவரில ஆர் ஆணியடிச்சாலும் எனக்குக் கேக்குது. ஆளே இல்லாத இடம் ஒண்டு ஒருக்காப் பார்க்கணும். அவ்வளவுதான்."

மறுப்பதற்கு வாய் எடுத்தேன். ஆனால் பாருங்கள், நாங்கள் ஆம் என்பதற்கு ஓம் என்று சொல்கிற சனம். பெயரிலேயே ஓம் போட்டுக்கொண்டு நிற்கிற நாட்டுக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது?

புறப்படுவதற்கு முன் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் ஒரு அண்ணை வீட்டில் விருந்து. அவர் முன்பு வளைகுடாவில் வேலை செய்தவர். கோழிக் காலைக் கையில் பிடித்தபடி எச்சரித்தார்.

"தம்பி, மணலில கார் ஓடுறது வேற கலை. டிரைவரைப் பிடிச்சுக்கொண்டு போ."

"அண்ணை, நான் என்ன வேலை செய்யிறன்?"

"பிளாசாவழிய ஸ்நோ தள்ளுறாய்."

"அதுதான். மணல் எண்டது சுடுகிற ஸ்நோ. வேறயென்ன?"

அண்ணை கோழிக் காலைக் கடித்துக்கொண்டார். நான் அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அது கோழி ருசியாக இருந்ததன் மௌனம் என்பது பிறகுதான் விளங்கியது.

ஓமானில் வாடகைக் கார் தந்த மலையாளிப் பொடியனும் ஒன்று சொன்னான். மணலுக்குள் இறங்குவதற்கு முதல் ரயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டுமாம். நான் பெரிய மனுசத்தனமாகத் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் மனைவியிடம், "கனடாவில காத்தடிக்கவே காசு கேக்கிறாங்கள். கையில இருக்கிற காத்தை விடச் சொல்லுறான் இவன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "காத்து இறக்கச் சொன்னவன்" என்று மட்டும் சொல்லி, அதைத் தன் ஞாபகத்தில் முடிந்து வைத்துக்கொண்டாள். அவள் முடிந்து வைப்பது எதுவும் அவிழாமல் போனதில்லை.

தார் ரோட்டு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நாலைந்து வீடுகள். ஈச்சோலையால் வேய்ந்த ஒரு பந்தல். பந்தலுக்குள் கம்பளம் விரித்து, வழிப்போக்கர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார் பாலைவன நாடோடிகளான பெதுயீன் இனத்து அம்மா ஒருவர். என் வயதுதான் இருக்கும். நெற்றியிலிருந்து மூக்குவரை, கூரை இறக்கியதுபோல விறைப்பான துணி முகமூடி. அதற்குள் இருந்து இரண்டு கண்கள் எங்களை முழுதாக எடைபோட்டன. வெளியே தூசி படிந்த பிக்கப் ஒன்று நின்றது. அதை ஓட்டுவது அந்த அம்மாதான். அவருடைய கணவர் ஆடுகளுக்குப் பக்கத்தில் இருந்து, எனக்குப் பழக்கமான ஒரு முகத்துடன், சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

உல்லாசப் பயணிகளிடம் பொறுக்கிய ஆங்கிலம் அந்த அம்மாவுடையது. முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் பொறுக்கியது என்னுடையது. இரண்டுக்கும் நல்ல பொருத்தம். எத்தனை பிள்ளை என்று கேட்டார். ஒன்று என்றேன். ஏன் ஒன்று என்றார். கனடாவிலும் இதே கேள்வியைத்தான் எங்கள் அன்ரிமார் கேட்கிறார்கள். பாலைவனத்துக்கு வந்தும் தப்ப முடியவில்லை. பிறகு என் வேலையைக் கேட்டார்.

"பனி தள்ளுவேன்."

"எங்கே தள்ளுவாய்?"

"ஒரு மூலைக்கு."

"பிறகு?"

"திரும்பக் கொட்டும்."

"பிறகு?"

"திரும்பத் தள்ளுவேன்."

அவர் கணவருக்கு இதை அரபியில் மொழிபெயர்த்தார். கணவர் ஆட்டை விட்டுவிட்டு எழும்பி வந்து என்னை அருகில் பார்த்துவிட்டுப் போனார். "இங்கே மணல் வீட்டுக்கு வந்தால் நாங்கள் அதைத் தள்ளுவதில்லை. வீட்டைத் தள்ளிக் கட்டுவோம்" என்றார் அந்த அம்மா. முகமூடிக்குக் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மனைவியின் சிரிப்பும் அதோடு சேர்ந்தது. அதற்கு முகமூடிகூட இல்லை.

அந்தக் கோப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம். ஏலக்காய் மணம். குடித்து முடித்தால் உடனே ஊற்றுவார். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வீட்டில் ஊற்றியதை மிச்சம் விடுவது மரியாதை இல்லை. ஆகவே குடித்தேன். ஊற்றினார். குடித்தேன். ஊற்றினார். போதும் என்று சொல்லக் கூச்சம். மனைவி முதற் கிண்ணத்தோடு எப்படித் தப்பினாள் என்பது எனக்கு மர்மம். கடைசியில் கோப்பியின் வேகத்தில் என் கை தானாக நடுங்கத் தொடங்கியது. கிண்ணம் கிடுகிடு என்று ஆடியது. உடனே அவர் கோப்பிக் கூசாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகுதான் மனைவி காதுக்குள் சொன்னாள். "போதுமெண்டா கிண்ணத்த ஆட்டிக் காட்டணும். நான் அப்பவே ஆட்டிட்டன். நீங்க ஏன் இவ்வளவு நேரம் ஆட்டல்ல?"

"நான் ஆட்டேல்லை. அது ஆடுது!"

அந்த நிலையில் புறப்பட்டேன். நெஞ்சு படபட என்று அடிக்க, உலகத்து மணல் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடலாம் போல ஒரு வீரம். வாசலில் திரும்பி, கையை உயர்த்தி, பழக்கதோஷத்தில் சொன்னேன்:

"ஐ கோ அண்ட் கம்."

எங்கள் பக்கத்தில் போகும்போது 'போறன்' என்று சொல்லமாட்டோம். அது திரும்பாப் பயணத்துக்கு உரிய சொல். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவேண்டும். அதுதான் வாயில் தேய்ந்து 'போட்டு வாறன்' ஆனது. பல்லுப் பிடுங்கும் டொக்ரரிடமும் அதைத்தான் சொல்கிறோம். திரும்பி வரும் எண்ணம் ஒரு துளியும் இருக்காது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவோம்.

அந்த அம்மா என்னை நிறுத்தினார். "கம்?"

"கம், கம்."

"டுடே?"

"ஓம், ஓம்" என்று தலையை ஆட்டினேன். சந்தோஷமாகத் திரும்பிக் கணவரிடம் அரபியில் ஏதோ சத்தம் போட்டார். கணவர் கோழிக் கூட்டின் பக்கம் நடந்தார். எனக்கு அதில் ஒரு தொடர்பும் தெரியவில்லை.

மணல் அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு அழகு என்று எழுத எனக்கு அவகாசம் இல்லை, ஏனென்றால் இரண்டாவது மேட்டிலேயே கார் புதைந்துவிட்டது.

பதறவில்லை. முதலில். இது என் தொழில். பனியில் வண்டி புதைந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறிக் கியர் போட்டு ஊஞ்சல்போல ஆட்டினால் கிளம்பிவிடும். ஆட்டினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார் ஒரு சாண் கீழே போனது. காலுக்குப் போடும் ரப்பர் விரிப்புகளை எடுத்து ரயருக்கடியில் வைத்தேன். கார் அவற்றை விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்பதுபோல நின்றது. கையால் மணலைத் தோண்டினேன். தோண்டிய குழிக்குள் பக்கத்து மணல் மரியாதையாக வந்து உட்கார்ந்தது. பனி என்றால் ஒரு பக்கம் ஒதுக்கினால் ஒதுங்கி நிற்கும். இது எங்கள் சொந்தக்காரர்போல, தள்ளத் தள்ளக் கிட்ட வருகிறது.

"காத்து இறக்கச் சொன்னவன்" என்றாள் மனைவி.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஆனால் எனக்கும் ஒரு மானம் இருக்கிறது அல்லவா? "இருக்கிற வில்லங்கம் காணாதெண்டு ரயரும் பஞ்சர் மாதிரிக் கிடக்கவோ? பேசாமல் இரும்" என்றேன்.

போனை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை. மேட்டில் ஏறிப் போனை வானத்துக்குப் பிடித்தேன். வானத்திலும் இல்லை.

அப்போதுதான் பதறினேன். அதை நான் அரைகுறையாகச் செய்வதில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று, அதிலும் பாதி. அந்த அம்மா மனைவியின் கையில் திணித்துவிட்ட பேரீச்சம்பழம் ஒரு பிடி. நாங்கள் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தலைக்குமேல் ஒரு பறவை சுற்றியது.

"கழுகு வந்திட்டுது" என்றேன்.

"அது சிட்டு" என்றாள்.

"கழுகின்ர ஒற்றன்."

அடுத்து உயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். வீடு மகளுக்கு. பனி தள்ளும் வண்டியை யாருக்கும் கொடுக்கவேண்டாம், அதற்குப் பிரேக் சரியில்லை. ஸ்ரௌவ்வில் அண்ணை மரணச் சடங்கில் பேசக்கூடாது. 'நான் அப்பவே சொன்னனான்' என்றுதான் தொடங்குவார்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மணல் மேட்டில் போய் இருந்தாள். வெயில் சரியத் தொடங்கியிருந்தது. மணல் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கூரை, ஒரு கம்பம், ஒரு மனிதர் கிடையாது.

"ஆளே இல்லாத இடம் கேட்டன். கிடைச்சிருக்கு" என்றாள். "இருபத்தைஞ்சு வருசத்தில ஒருக்கா. கொஞ்ச நேரம் கதைக்காம இரிங்க."

இருந்தேன். எனக்குத் தெரியும், அவளுக்குச் சீனி வருத்தம். மத்தியானக் குளிசை போட்டாயிற்று. இரவுக் குளிசையும் இரவுச் சாப்பாடும் தலைநகரத்து ஹோட்டலில். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவளுக்கு மயக்கம் வரும். பேரீச்சம்பழத்தை அவள் பக்கம் தள்ளினேன். தண்ணீரை அவளுக்குக் கொடுத்து, பிறகு வாங்கி நானும் அண்ணாந்து குடித்தேன். தொண்டையை ஏற்றி இறக்கி, திருப்தியாக ஒரு ஏப்பமும் விட்டேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியத் திறக்காமத் தண்ணி குடிக்கிற மனுசனை இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றாள்.

போத்தலைப் பார்த்தேன். உண்மைதான். மூடி இறுக்கமாக இருந்தது. அவள் அதைத் திறந்து என் கையில் தந்தாள். ஒரு மிடறு குடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. அந்தக் கை வேர்த்திருந்தது. அவளும் பயந்துதான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. இவ்வளவு நேரமும் நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதறியதால் அவளுக்கு முறை வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வெயில் இறங்க இறங்க இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூரியன் மணல் விளிம்பைத் தொட்ட நேரம். உறுமல் ஒன்று கேட்டது. நான் வழக்கப்படி மிருகம் என்று நினைத்தேன். மணல் மேட்டின் உச்சியில் தூசி படிந்த பிக்கப் தலைகாட்டியது. ஓட்டும் இருக்கையில் முகமூடி. பக்கத்தில் கணவர், மடியில் மூடிபோட்ட பெரிய சட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி.

அந்த அம்மா இறங்கினார். காப்பாற்ற வந்தவரின் கோலம் இல்லை. கையை இடுப்பில் வைத்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வராத மனிதனைப் பார்க்கும் கோலம்.

"ரைஸ் ரெடி!" என்றார் கோபமாக. "கோழியும் ரெடி. நீ கம் என்றாய். டுடே என்றேன். தலையை ஆட்டினாய். ஏன் வரவில்லை?"

விஷயம் எனக்கு விளங்கியது. காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். சோறு ஆறத் தொடங்கியதும், ஆறவிடுவது மரியாதை இல்லை என்று சட்டியையும் ஏற்றிக்கொண்டு, மணலில் எங்கள் ரயர் போட்ட கோட்டைப் பிடித்து வந்திருக்கிறார்கள்.

"நான் போகிறேன் என்று சொல்லியிருந்தால்?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "போகிறவனை எதற்குத் தேடுவது? அவன் போய்விட்டான். வருகிறேன் என்றவன் வரவில்லை என்றால்தான் ஏதோ நடந்திருக்கிறது."

பிறகு குனிந்து, ஒரு குச்சியால் எங்கள் ரயரின் வால்வை அழுத்தினார். புஸ்ஸ்ஸ் என்று காற்று இறங்கியது. நான் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் பார்வை முதுகில் சுட்டது. நாலு ரயரும் இறங்கின. அவர் கார்க் கதவைத் திறந்து என்னை விலகச் சொல்லிக் கைகாட்டி, தானே ஏறி, ஒரே மூச்சில் காரைக் குழிக்குள் இருந்து வெளியே எடுத்தார். விழுங்கப்பட்ட ரப்பர் விரிப்புகளைக் கணவர் தோண்டி எடுத்து, தூசி தட்டி, என்னிடம் பவ்வியமாகத் தந்தார்.

சோற்றை அங்கேயே, மணலில், ஒரே தட்டில் சாப்பிட்டோம். மனைவி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் நான் என் முதல் பிடியை வாயில் வைத்தேன். ஆறின சோறுதான். கிராம்பு வாசம். அந்த இடைவெளியில் பெண்கள் இருவரும் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். ஆளே இல்லாத இடம் தேடிப் போனவள் அங்கேயும் ஒரு ஆளைச் சம்பாதித்துவிட்டாள்.

விடைபெறும் நேரம் வந்தது. எழும்பி நின்றேன். வாயைத் திறந்தேன். மூடினேன்.

இக்கட்டான நிலைமை. 'போறன்' என்று சொல்ல வாய் வராது, அதுவும் உயிர் பிழைத்த இடத்தில் நின்றுகொண்டு. 'கோ அண்ட் கம்' என்றால் திரும்ப அரிசி போடுவார். எங்கள் பக்கத்து இலக்கணத்தில் நடுவில் ஒரு சொல் இல்லை. நான் நிற்கும் நிலையைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கோ?" என்றார். பிறகு விரலால் ஒரு வட்டம் போட்டு, "கோ அண்ட் கம்?"

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அவருடைய கையைப் பிடித்தாள். "போட்டு வாறம்" என்றாள் தமிழில், சத்தமாக. மட்டக்களப்புப் பெண், என் ஊர்ச் சொல்லை எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "போத்து வாரம்." பிறகு அதி முக்கியமான கேள்வியைக் கேட்டார். "எப்போது?"

"நெக்ஸ்ற் இயர்" என்றாள் மனைவி. நான் அதை உபசாரம் என்று நினைத்துச் சிரித்தேன்.

ரொறன்ரோவுக்கு வந்து ஒரு குளிர்காலம் முழுதாகப் பனி தள்ளினேன். ஸ்ரௌவ்வில் அண்ணைக்கு மணலில் கார் புதைந்த கதையைச் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டாள். அவர், "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கினார். சாகாமலே கேட்கவேண்டியதாயிற்று.

போன கிழமை சமையலறை மேசையில் மனைவியின் போன் சத்தம் போட்டது. படம் ஒன்று வந்திருந்தது. பெரிய தட்டில் சோறு, நடுவில் கோழி. கீழே ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: 'நெக்ஸ்ற் இயர். வென்?'

"ஐயோ, உதைச் சும்மா ஒரு மரியாதைக்கு எல்லோ சொன்னனீர்?" என்றேன். நெஞ்சு பழைய கோப்பி வேகத்தில் அடிக்கத் தொடங்கியது. "நாங்கள் எல்லாருக்கும் சொல்லுறம். பல்லு டொக்ரருக்கும் சொல்லுறம். அவர் என்ன, கதிரையைச் சாய்ச்சு வைச்சுக்கொண்டு காத்திருக்கிறாரே?"

"பல்லு டொக்ரர் தேடி வரமாட்டார்" என்றாள் அவள். "இவ வந்தவ."

 அவள் ஏற்கெனவே மகளை அழைத்து ரிக்கற் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "இந்த முறை ரயர் காத்து?"

"ஓம்," என்றேன். "இறக்குவம்."